"இந்தப் போர் தப்பு"ன்னு சொல்ற சிப்பாய்க்கு ஏன் சட்டத்துல இடமே இல்ல?

ஈராக் போருக்குப் போக மறுத்த அமெரிக்க சிப்பாய்கள் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஒரு கேள்வி தவறாம வரும். அங்க கட்டாய ஆள்சேர்ப்பே கிடையாதே, 1973லயே நிறுத்திட்டாங்களே, தானா போய் கையெழுத்துப் போட்டு சம்பளம் வாங்கிட்டு, சண்டைன்னு வந்ததும் போக மாட்டேன்னா என்ன நியாயம்? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ஒவ்வொருத்தர் கேஸையும் எடுத்துப் படிக்கப் படிக்கத்தான் வேற ஒண்ணு புரிஞ்சுது. எந்தப் போருமே வேண்டாம்னு சொல்றவருக்கு அந்தச் சட்டத்துல ஒரு சின்ன வாசல் இருக்கு. எல்லாப் போரையும் நான் எதிர்க்கல, இந்த ஒரு போர் தப்பு, இதுக்கு என்னால போக முடியாதுன்னு சொல்றவருக்கு வாசலே இல்ல. ஆனா மனசாட்சி உறுத்தி நிக்கற சிப்பாய்கள்ல நிறைய பேர் சொல்றது இந்த ரெண்டாவதைத்தான்.

முதல்ல அந்தக் கையெழுத்து என்னன்னு பார்த்துடலாம். அமெரிக்க ஆர்மில சேரும்போது மூணு வருஷம், நாலு வருஷம்னு தான் பேச்சு இருக்கும், ஆனா பேப்பர்படி மொத்தக் கடமை எட்டு வருஷம். நாலு வருஷம் யூனிட்ல இருந்துட்டு வீட்டுக்கு வந்தாலும் மீதி நாலு வருஷம் ரிசர்வ் லிஸ்ட்ல பேர் இருக்கும், தேவைன்னா திரும்பக் கூப்பிடலாம். 2004ல அப்படித்தான் சாதாரண வேலைக்கும் காலேஜுக்கும் போயிட்டிருந்த சுமார் 5,600 பேரைத் திரும்பக் கூப்பிடப் போறோம்னு அறிவிச்சாங்க.

அதுக்கும் மேல ஸ்டாப்-லாஸ்னு ஒண்ணு. கான்ட்ராக்ட் முடியற தேதி வந்தாலும், உன் யூனிட் சண்டைக்குப் போகுது, அதனால நீயும் இருந்தாகணும்னு சேவையை நீட்டிக்கற அதிகாரம். ஓரிகன் மாநில நேஷனல் கார்ட்ல, அதாவது மாநில அளவுல இருக்கற துணைப்படையில, இருந்த ஒருத்தருக்கு 2004 ஜூன்ல எட்டு வருஷம் முடிய வேண்டியது. நீட்டிச்சாங்க. கம்ப்யூட்டர்ல அவரோட புது முடிவு தேதின்னு போட்டிருந்தது 2031 டிசம்பர். அது நிர்வாக வசதிக்காகப் போட்ட தேதி, நிஜமா அத்தனை வருஷம் வெச்சிருக்க மாட்டோம்னு அரசு சொல்லிச்சு, அவர் கோர்ட்டுக்குப் போனார், 2005ல அப்பீல் கோர்ட்டும் அரசு பக்கம் தான் தீர்ப்பு சொல்லிச்சு. தானா சேர்ந்தவங்க தானேன்னு கேட்கறவங்க இந்த 2031ஐ ஒரு நிமிஷம் யோசிக்கணும். சேர்ந்தது தானா தான், ஆனா வெளிய வர்ற தேதி அவங்க கையில இல்ல.

சரி, மனசு மாறிடுச்சு, இனி என்னால துப்பாக்கியைத் தூக்க முடியாதுன்னு ஒரு சிப்பாய் உணர்ந்தா அவருக்கு என்ன வழி? மனசாட்சி மறுப்பாளர்னு மனு போடலாம். முதல்ல சாப்ளின், அதாவது ராணுவ மதகுரு, உட்கார வெச்சுப் பேசுவார், அப்புறம் மனநல மருத்துவர் பார்ப்பார், அப்புறம் ஒரு அதிகாரியை விசாரணைக்குப் போட்டு ஹியரிங் நடக்கும், அவர் ரிப்போர்ட் எழுதி மேல அனுப்புவார், அது ஒவ்வொரு கமாண்டரா தாண்டிப் போய் கடைசில தலைமையகத்துல ஒரு போர்டு முடிவு பண்ணும். நிரூபிக்க வேண்டியது மூணு விஷயம். எல்லா விதமான போரையும் எதிர்க்கறேன், அது என் மதத்துலயோ ஆழமான அறநெறியிலயோ இருந்து வருது, நான் சொல்றது உண்மை. இதுல இன்னொரு சிக்கலும் உண்டு, இந்த எண்ணம் ஆர்மில சேர்ந்ததுக்கு அப்புறம் உருவானதா இருக்கணும், முன்னாடியே இருந்துச்சுன்னா அப்ப ஏன் கையெழுத்துப் போட்டேன்னு அங்கயே முடிஞ்சுடும்.

2002ல இருந்து 2006 வரைக்கும் எல்லாப் படைகளையும் சேர்த்து வந்த மனு 425 தான்னு அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பு கணக்கு சொல்லிச்சு. அதுல 224 ஏத்துக்கிட்டாங்க, 188 தள்ளிட்டாங்க. பாதிக்கு மேல ஏத்துக்கிட்டாங்களே, நல்லது தானேன்னு தோணும். ஆனா ரெண்டு போர் நடந்த அஞ்சு வருஷத்துல, லட்சக்கணக்கான பேர் போய் வந்த படையில, 425ங்கறது எவ்வளவு சின்ன நம்பர்னு பாருங்க. எல்லாப் போரும் பாவம்னு சத்தியம் பண்ணத் தயாரா இருந்தவங்க மட்டும் தான் இந்தப் படிவத்துக்கே பொருந்துவாங்க. மனு முடிய சராசரியா ஏழு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் யூனிட் எங்க போகுதோ அங்க கூடவே போகணும்.

ஜெரமி ஹின்ஸ்மன் கதை இந்த இடத்துல தான் வருது. 82வது ஏர்போர்ன் டிவிஷன், பாராசூட் வீரர், 2001ல சேர்ந்தவர். சேர்ந்த பிறகு ஃபோர்ட் பிராக் ராணுவத் தளம் பக்கத்துல ஃபயெட்வில்ங்கற ஊர்ல மனைவியோட குவேக்கர் கூட்டங்களுக்குப் போக ஆரம்பிச்சார். குவேக்கர்னா கிறிஸ்தவத்துலயே போரை நூத்தாண்டுகளா எதிர்த்து வர்ற பிரிவு. 2002 ஆகஸ்ட்ல மனு போட்டார், அது தொலைஞ்சு போச்சு, ஆப்கானிஸ்தான் கிளம்பறதுக்கு முன்னாடி திரும்பப் போட்டார். அவருக்கு கந்தஹார்ல பாத்திரம் கழுவற வேலை குடுத்தாங்க, ஹியரிங்கும் அங்கயே ராணுவ முகாம்ல நடந்துச்சு. இந்த முகாமை யாராவது தாக்கினா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. கூட இருக்கறவங்களைக் காப்பாத்த சண்டை போடுவேன்னு உண்மையைச் சொன்னார். அப்ப நீ எல்லாப் போரையும் எதிர்க்கறவன் இல்லைன்னு மனு தள்ளுபடி.

எனக்கு இதைப் படிச்சப்ப ரொம்ப வேதனையா இருந்துச்சு. பக்கத்துல தூங்கறவனைக் காப்பாத்துவேன்னு சொன்னது, அடுத்த நாட்டுக்குள்ள படையெடுத்துப் போக மாட்டேன்னு சொல்றதுக்கு எந்த விதத்துல முரண்? தற்காப்புக்கும் படையெடுப்புக்கும் வித்தியாசம் தெரியாதவங்க யாரு இருக்காங்க? ஆனா படிவத்துல அந்த வித்தியாசத்துக்குக் கட்டம் இல்ல.

இந்தக் கட்டம் ஏன் இல்லாமப் போச்சுன்னா அதுக்கு 1971க்குப் போகணும். வியட்நாம் போர் உச்சத்துல இருந்து இறங்கிட்டிருந்த நேரம். கில்லெட்ங்கறவர் கட்டாய ஆள்சேர்ப்பை மறுத்தவர், நெக்ரேங்கறவர் ஏற்கனவே ஆர்மிக்குள்ள இருந்து பயிற்சி முடிச்சு வியட்நாம் ஆர்டர் வாங்கினவர், ரெண்டு பேர் கேஸையும் சேர்த்து அமெரிக்க சுப்ரீம் கோர்ட் விசாரிச்சுது. நெக்ரே கத்தோலிக்கர். நியாயமான போர், அநியாயமான போர்னு பிரிச்சுப் பார்க்கறது கத்தோலிக்க சிந்தனையில பல நூத்தாண்டு மரபு. என் மதம் எல்லாப் போரையும் தடுக்கல, அநியாயமான போருக்குப் போகக் கூடாதுன்னு தான் சொல்லுது, வியட்நாம் அநியாயமான போர், அதனால என்னை விடுங்கன்னார். எல்லாப் போரையும் மறுக்கற குவேக்கருக்கு விலக்கு குடுக்கறீங்க, என் மதத்தைப் பின்பத்தற எனக்குக் குடுக்க மாட்டீங்களா, இது மதத்துக்கு மதம் பாகுபாடு இல்லையாங்கறது தான் வாதம்.

8க்கு 1ன்னு தோத்துட்டார். மார்ச் 8, 1971. ஜஸ்டிஸ் டக்ளஸ் ஒருத்தர் மட்டும் மாறுபட்டார். சட்டத்துல எந்த வடிவத்துலயும் போர்ல பங்கேற்க மறுக்கறவர்னு தான் இருக்கு, ஒரு குறிப்பிட்ட போரை எதிர்க்கறது அரசியல் காரணங்களோட கலந்து போகும், நாளைக்கு நிலைமை மாறினா அந்த எதிர்ப்பும் மாறலாம், யாருடையது உண்மை யாருடையது சாக்குன்னு நியாயமாப் பிரிக்க முடியாதுங்கறது பெரும்பான்மையோட காரணம். நிர்வாகம் நடத்தறவங்க பார்வையில இதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு ஒத்துக்கறேன், ஒவ்வொரு சிப்பாயும் ஒவ்வொரு போருக்கும் ஓட்டுப் போட்டா எந்த நாடும் ராணுவம் வெச்சிருக்க முடியாதுன்னு அவங்க சொல்லுவாங்க. ஆனா விளைவு என்ன ஆச்சுன்னா, போரைப் பத்தி ரொம்ப யோசிச்சு, எது சரி எது தப்புன்னு எடை போட்டு முடிவெடுத்தவருக்குத்தான் தண்டனை உறுதியாச்சு.

மனசாட்சி வழி அடைபட்டுப் போச்சு, அப்ப இந்தப் போரே சட்டவிரோதம்னு கோர்ட்ல வாதாட முடியாதா? அந்த வழி அதுக்கும் முன்னாடியே மூடியாச்சு. 1966 ஜூன்ல டெக்சாஸ் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்துல இருந்து வியட்நாம் ஆர்டர் வந்த மூணு பிரைவேட்கள், அதாவது கடைநிலை சிப்பாய்கள், ஜேம்ஸ் ஜான்சன், டென்னிஸ் மோரா, டேவிட் சாமஸ், ஒரு கறுப்பினத்தவர், ஒரு போர்ட்டோ ரிக்கோக்காரர், ஒரு வெள்ளைக்காரர், நியூயார்க்ல பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு நாங்க போக மாட்டோம், இந்தப் போர் அநியாயம், சட்டவிரோதம்னு அறிவிச்சாங்க. ஃபோர்ட் ஹூட் மூவர்னு தான் இன்னைக்கும் சொல்றாங்க. வியட்நாமுக்கு எதிரா சிப்பாய்கள் நடத்தின பெரிய இயக்கத்துக்கு இது ஆரம்பம். ராணுவக் கோர்ட் போர் சட்டப்படி சரியாங்கற கேள்வியையே எடுக்க விடல. ஒருத்தருக்கு மூணு வருஷம், மத்த ரெண்டு பேருக்கு அஞ்சு வருஷம். சுப்ரீம் கோர்ட் 1967 நவம்பர்ல கேஸையே எடுக்க மறுத்துது, ஸ்டூவர்ட், டக்ளஸ் ரெண்டு ஜட்ஜ் மட்டும் இதை நாம விசாரிக்கணும்னு எழுதி வெச்சாங்க.

அப்புறம் நடந்தது வெள்ளம் மாதிரி. அதே 1967 அக்டோபர்ல இன்ட்ரெபிட்ங்கற விமானந்தாங்கிக் கப்பல்ல இருந்து நாலு மாலுமிகள் ஜப்பான் யோகோசுகா துறைமுகத்துல இறங்கினவங்க திரும்பவே இல்ல, பெஹெய்ரென்ங்கற ஜப்பானியப் போர் எதிர்ப்பு அமைப்பு ஒளிச்சு வெச்சு, சோவியத் கப்பல்ல ஏத்தி அனுப்பி, வருஷக் கடைசில ஸ்வீடன் போய்ச் சேர்ந்தாங்க. ஸ்வீடன் மனிதாபிமான அடிப்படையில தங்க விட்டுது, பின்னாலயே நூத்துக்கணக்கான பேர் அங்க போனாங்க. 1971 கணக்கு ஒண்ணு இருக்கு, ஆர்மில ஆயிரம் பேருக்கு 73 பேர் ஓடிப் போயிருந்தாங்க. லீவு சொல்லாம காணாமப் போனது ஆயிரத்துக்கு 170க்கு மேல. அமெரிக்க வரலாற்றுலயே அவ்வளவு நொறுங்கின படை அரிதுன்னு அந்த வருஷம் ஒரு ரிட்டயர்டு கர்னலே ராணுவப் பத்திரிகைல எழுதினார்.

இங்க ஒரு விஷயத்தைத் தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா இதுல நடந்த அநீதி இன்னும் யார் கண்ணுலயும் சரியாப் படல. வியட்நாமைத் தவிர்த்தவங்க ரெண்டு வகை. ஆர்மிக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தவிர்த்தவங்க, உள்ள வந்த பிறகு ஓடினவங்க. முதல் வகையில படிச்ச, வசதியான வீட்டுப் பசங்க அதிகம். காலேஜ்ல இருந்தா தள்ளி வைப்பாங்க, டாக்டர் சர்டிபிகேட்டுக்கு ஆள் பிடிக்கலாம், வக்கீல் வைக்கலாம். இதெல்லாம் தெரியாத, முடியாத பசங்க தான் ஆர்மிக்குள்ள போய் மாட்டிக்கிட்டு, அங்க நடக்கறதைப் பார்த்து, பிறகு ஓடினாங்க. 1977 ஜனவரி 21, ஜிம்மி கார்ட்டர் அதிபரா பதவியேத்த மறுநாள், எல்லாருக்கும் மன்னிப்புன்னு பேப்பர்ல வந்துச்சு. அந்த மன்னிப்பு முதல் வகைக்குத்தான். படையில இருந்து ஓடினவங்களுக்கு அது பொருந்தாது. அதுக்கு முன்னாடி 1974ல அப்போதைய அதிபர் ஃபோர்டு கொண்டு வந்த திட்டத்துல அவங்களுக்கும் இடம் இருந்துச்சு, ஆனா அதுல ரெண்டு வருஷம் வரைக்கும் பொதுச்சேவை பண்ணியாகணும். படிவம் நிரப்பத் தெரிஞ்சவனுக்கு மன்னிப்பு, கண்ணால பார்த்துட்டு மனசு உடைஞ்சவனுக்கு ஆயுசுக்கும் கெட்ட பேர் எழுதின டிஸ்சார்ஜ் பேப்பர், அதாவது படையில இருந்து விடுவிச்சு அனுப்பற பேப்பர்.

அந்தப் பேப்பர் சாதாரண விஷயம் இல்ல. ஆனரபிள் டிஸ்சார்ஜ், அதாவது நல்ல பேரோட விடுவிப்புன்னா காலேஜ் படிப்புக்குக் காசு, வீட்டுக் கடன் சலுகை, முன்னாள் வீரர் ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. அதுக்குக் கீழ போகப் போக ஒவ்வொண்ணா போயிடும், போர்ல வந்த மனநோய்க்கு வைத்தியம் பார்க்கறதே கஷ்டமாயிடும், வேலைக்குப் போற இடத்துல எல்லாம் அந்தப் பேப்பரைக் கேட்பாங்க.

இப்ப ஈராக்குக்கு வரலாம். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாத படை, அதனால எண்ணிக்கை சின்னது. 2006ல ஆர்மில இருந்து ஓடினவங்க 3,301, அடுத்த வருஷம் 4,698, அதாவது ஆயிரத்துக்கு ஒன்பது. இதுல பெரும்பாலானவங்களை ராணுவக் கோர்ட்டுக்கே கொண்டு போகாம கெட்ட டிஸ்சார்ஜ் குடுத்து அனுப்பிட்டாங்க. இந்த இடத்தைக் கவனிங்க. சத்தமில்லாம ஓடி, சத்தமில்லாம பிடிபட்டா பல நேரம் பேப்பரோட முடிஞ்சுது. மைக் முன்னாடி நின்னு இந்தப் போர் தப்புன்னு சொன்னவங்களுக்கு அப்படி முடியல.

கமிலோ மெஹியா அப்படி முதல்ல வெளிப்படையா வந்தவங்கள்ல ஒருத்தர். நிகரகுவாக்காரர், புளோரிடா நேஷனல் கார்ட்ல ஸ்டாஃப் சார்ஜென்ட், ஈராக்ல ராமாடி நகரத்துல சண்டை போட்டவர். கைதிகளைத் தூங்க விடாம சத்தம் போட்டுப் பயமுறுத்தற வேலையெல்லாம் அவர் குழு பண்ண வேண்டி இருந்துச்சு, பொதுமக்கள் சாகறதைப் பார்த்தார். 2003 அக்டோபர்ல லீவுல வந்தவர் திரும்பிப் போகல, அஞ்சு மாசம் மறைஞ்சிருந்துட்டு 2004 மார்ச்ல தானே வந்து சரணடைஞ்சார். ஒரு வருஷ ஜெயில். ஒன்பது மாசம் உள்ள இருந்தார், ஆம்னஸ்டி இன்டர்நேஷனல்ங்கற மனித உரிமை அமைப்பு அவரை மனசாட்சிக் கைதின்னு அறிவிச்சுது. போர்ல இருந்து பயந்து ஓடினவர்னு இவரைச் சொல்ல முடியுமா? போய் ஆறு மாசம் நின்னுட்டு வந்தவர் அவர்.

அகுஸ்தின் அகுவாயோன்னு இன்னொருத்தர், ஜெர்மனியில இருந்த யூனிட்ல மருத்துவ உதவியாளர். இவர் எல்லாப் போரையும் எதிர்க்கறேன்னு முறைப்படி மனு போட்டவர் தான், சட்டம் கேட்ட மாதிரியே. அதையும் தள்ளிட்டாங்க. ஈராக்ல திக்ரித் நகரத்துல ஒரு வருஷம் துப்பாக்கில குண்டே போடாம சுத்தி வந்தார். 2006ல ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க, போக மாட்டேன் ஜெயில்ல போடுங்கன்னார், விலங்கு மாட்டியாவது ஈராக்குக்கு ஏத்துவோம்னு பதில் வந்துச்சு, வீட்டு ஜன்னல் வழியா இறங்கிப் போயிட்டார், சில வாரத்துல அமெரிக்காவுல சரணடைஞ்சார். எட்டு மாசத் தண்டனை.

இவ்வளவு தைரியமோ விவரமோ இல்லாதவங்க என்னென்ன பண்ணாங்கன்னு பார்த்தா மனசு கனத்துப் போகும். 2007ல நியூயார்க் பிராங்க்ஸ்ல லீவுல வந்த ஒரு சிப்பாய் ஈராக்குக்குத் திரும்பக் கூடாதுன்னு காசு குடுத்து ஆள் வெச்சுத் தன் கால்லயே சுட்டுக்கிட்டார், கொள்ளைக்காரன் சுட்டான்னு சொன்னார், போலீஸ் கண்டுபிடிச்சுட்டாங்க. 2009ல ஜார்ஜியாவுல ஒரு ராணுவத் தளத்துல சமையல் வேலை பார்த்த 21 வயசுப் பொண்ணு, தனித் தாய், ஆப்கானிஸ்தான் போற ஃபிளைட்ல ஏறல. கைக்குழந்தையைப் பார்த்துக்க அம்மாவைத் தான் நம்பியிருந்தாங்க, அந்த அம்மா ஒரு வாரம் வெச்சிருந்து பார்த்துட்டு முடியலைன்னு திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாங்க. குழந்தை இருக்கற எந்த சிப்பாயும் யார் பார்த்துப்பாங்கன்னு முன்னாடியே எழுதிக் குடுக்கணும், அந்தத் திட்டம் உடைஞ்சா பொறுப்பு சிப்பாய் மேல தான். அந்தப் பொண்ணை அரெஸ்ட் பண்ணி, குழந்தையைக் கொஞ்ச நேரம் காப்பகத்துல வெச்சாங்க. பிறகு கோர்ட் கேஸைக் கைவிட்டு கெட்ட டிஸ்சார்ஜ் குடுத்து அனுப்பினாங்க. அவங்களுக்கு எந்த அரசியலும் இல்ல, குழந்தையை விட ஆள் இல்ல, அவ்வளவு தான்.

எஹ்ரன் வட்டாடா கேஸ் இதுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஹவாய்ல பிறந்த ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், அதிகாரி. போகப் போற போரைப் பத்திப் படிச்சுட்டுப் போகணும்னு படிக்க ஆரம்பிச்சு, படிச்ச பிறகு இது சட்டவிரோதப் போர்னு முடிவுக்கு வந்தார். மனசாட்சி மறுப்பாளர் மனு அவர் போடவே இல்ல, ஏன்னா எல்லாப் போரையும் நான் எதிர்க்கலைன்னு அவருக்குத் தெரியும், பொய் சொல்ல விரும்பல. ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புங்க, போறேன்னார். மறுத்துட்டாங்க. 2006 ஜூன் 22, ஃபோர்ட் லூயிஸ்ல இருந்து அவர் பிரிகேட் கிளம்பிப் போச்சு, அவர் ஏறல. சட்டவிரோதமான ஆர்டரை மறுக்கறது சிப்பாயோட கடமைன்னு ராணுவமே சொல்லிக் குடுக்குதே, அதைத் தான் நான் பண்றேங்கறது அவர் வாதம். போர் சட்டப்படி சரியாங்கறது அரசியல் கேள்வி, இந்தக் கோர்ட் அதை விசாரிக்காதுன்னு ராணுவ ஜட்ஜ் சொல்லிட்டார், அதாவது 1966ல ஃபோர்ட் ஹூட் மூவருக்குச் சொன்ன அதே பதில். 2007 பிப்ரவரில அந்த விசாரணை நடுவுலயே செல்லாதுன்னு ஆச்சு, ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை விசாரிக்கக் கூடாதுன்னு ஃபெடரல் கோர்ட் தடுத்துது, கடைசில 2009ல டிஸ்சார்ஜ் பண்ணாங்க. ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சார், ஆனா அவர் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லல.

ஹின்ஸ்மன் விஷயத்துக்குத் திரும்பறேன். மனு தள்ளுபடியான பிறகு, 2003 டிசம்பர்ல ஈராக் ஆர்டர் வந்துச்சு. ஜனவரி ஆரம்பத்துல மனைவி, சின்னப் பையனோட கார்ல ஏறி கனடா போயிட்டார். வியட்நாம் காலத்து நினைப்பு தான், 1969 மே மாசத்துல இருந்து கனடா எல்லையில குடியேற வர்றவங்ககிட்ட ராணுவ நிலை என்னன்னு கேட்கறதையே நிறுத்தியிருந்தாங்க, பல்லாயிரம் அமெரிக்கர்கள் அங்க போய்க் குடியேறி ஆசிரியர், எழுத்தாளர், வக்கீல்னு ஆனாங்க. ஈராக் போர்லயும் கனடா கலந்துக்கல. அதனால ஏத்துப்பாங்கன்னு நம்பினது இயல்பு தான். ஆனா வியட்நாம் காலத்துல அவங்க வந்தது சாதாரணக் குடியேறிகளா, ஹின்ஸ்மன் போனப்ப அதுக்கு விதிகள் இறுகிப் போச்சு, ஒரே வழி அகதி மனு.

அகதிச் சட்டத்துலயும் அதே சுவர். சர்வதேச சமூகம் கண்டிச்ச ராணுவ நடவடிக்கையில சேர மறுத்து, அதுக்காகத் தண்டனை கிடைக்கும்னா அது துன்புறுத்தலாகலாம்னு ஐநா அகதிகள் ஆணையத்தோட கையேட்டுல ஒரு பத்தி இருக்கு, 171வது பத்தி. ஹின்ஸ்மன் அதைத் தான் பிடிச்சார். போர் சட்டவிரோதமாங்கற கேள்வி அதைத் திட்டம் போட்டு நடத்தற மேல் மட்டத்துக்குத்தான் பொருந்தும், கீழ இருக்கற சாதாரண சிப்பாய்க்குப் பொருந்தாதுன்னு 2006ல கனடா ஃபெடரல் கோர்ட் சொல்லிச்சு. அதாவது சிப்பாய்க்குத் தன் போர் சரியான்னு கேட்கற தகுதி கூட இல்ல, ஆனா அதுல போய்க் கொல்றதும் சாகறதும் அவர் தான். 2007 நவம்பர்ல கனடா சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுக்க மறுத்துது.

மக்கள் பிரதிநிதிகள் வேற மாதிரி நினைச்சாங்க. 2008 ஜூன் 3ல கனடா நாடாளுமன்றம் இப்படி வந்த சிப்பாய்களைத் தங்க விடணும்னு 137க்கு 110 ஓட்டுல தீர்மானம் போட்டுது. 2009 மார்ச்ல திரும்ப ஒரு தடவை, 129க்கு 125. ரெண்டுமே அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். முதல் தீர்மானம் போட்டு ஆறு வாரத்துல, ராபின் லாங்ங்கற சிப்பாயை நாடு கடத்தினாங்க. அமெரிக்காவுல நடந்த ராணுவக் கோர்ட் விசாரணைல அரசுத் தரப்பு எடுத்துக் காட்டின சாட்சியம் என்ன தெரியுமா, கனடாவுல இருந்தப்ப அவர் போருக்கு எதிரா டிவில குடுத்த பேட்டி. பதினஞ்சு மாச ஜெயில். சத்தம் போட்டவனுக்குத் தண்டனை அதிகம்னு மேல சொன்னேனே, அது இங்க பதிவாவே இருக்கு.

கிம்பர்லி ரிவேராவை 2012 செப்டம்பர்ல திருப்பி அனுப்பினாங்க. டெக்சாஸ்காரங்க, ஈராக்ல தளத்தோட கேட்டுல காவல் நின்னவங்க, லீவுல வந்து கனடா போய் அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தவங்க, நாலு குழந்தைக்குத் தாய். பத்து மாசத் தண்டனை, அஞ்சாவது குழந்தை தண்டனைக் காலத்துல தான் பிறந்துச்சு.

ஐரோப்பாவுலயாவது வேற பதில் வருமான்னு ஒருத்தர் முயற்சி பண்ணார். ஆந்த்ரே ஷெப்பர்ட், அப்பாச்சி போர் ஹெலிகாப்டர் மெக்கானிக். 2004-05ல ஈராக்ல இருந்துட்டு ஜெர்மனி தளத்துக்கு வந்தவர், திரும்ப ஆர்டர் வரப் போகுதுன்னதும் 2007ல தளத்தை விட்டு வெளியேறி, 2008ல ஜெர்மனில அகதி மனு போட்டார். நான் யாரையும் சுடல, ஆனா நான் ரிப்பேர் பண்ற ஹெலிகாப்டர் தானே சுடுதுங்கறது அவர் சொன்ன காரணம். 2015 பிப்ரவரி 26ல ஐரோப்பிய யூனியன் கோர்ட் சொன்ன தீர்ப்புல ஒரு நல்லதும் இருந்துச்சு, நேரடியா சண்டை போடாத மெக்கானிக் மாதிரி ஆளுங்களும் பாதுகாப்பு கேட்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்த யூனிட் போர்க் குற்றம் பண்ண ரொம்ப வாய்ப்பு இருக்குன்னு காட்டணும், அதோட ஓடறதுக்கு முன்னாடி மனசாட்சி மறுப்பாளர் மனுவைப் போட்டுப் பார்த்திருக்கணும்னு நிபந்தனை வெச்சாங்க. ஷெப்பர்டு எல்லாப் போரையும் எதிர்க்கறவர் இல்ல, அதனால தான் அந்த மனுவைப் போடாம இருந்தார். 2016ல மியூனிக் கோர்ட் அவர் வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. நெக்ரேக்கு 1971ல சாத்தின கதவு, கடல் தாண்டி இவர் முன்னாடியும் சாத்தியாச்சு.

நடுவுல அமெரிக்க அரசு ஒரு தப்பை மட்டும் ஒரு மாதிரி ஒத்துக்கிச்சு. 2009ல ஒரு சட்டம் வந்துச்சு, 9/11க்கு அப்புறம் ஸ்டாப்-லாஸ்ல கான்ட்ராக்ட் முடிஞ்சும் பிடிச்சு வெச்சிருந்தவங்களுக்கு, அப்படி வெச்சிருந்த ஒவ்வொரு மாசத்துக்கும் 500 டாலர் பின்தேதியிட்டுத் தரணும்னு. லட்சத்துக்கு மேல ஆளுங்க அதுக்குத் தகுதியானவங்க. கெட்ட டிஸ்சார்ஜ் வாங்கினவங்களுக்குக் கிடையாது.